கூட்டம் கலையும் முன் தட்டு கைக்குப் போகட்டும்

வாசகர் கடிதம்: சேலம் அம்மாப்பேட்டையில் மாலை நேரத்தில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காயும் வைத்தது) கடை நடத்துகிறோம். கணவர் தறி ஓட்டுகிறார். கோடை விழாவின்போது ஏற்காட்டில் மூன்று நாள் கடை எடுத்தோம். தட்டுவடை செட், நொறுக்கல் (உடைத்த தட்டுவடையில் சட்னியும் காயும் கலந்தது), முறுக்கு செட், மிளகாய் பஜ்ஜி, காளான், சுண்டல், பாப்கார்ன், டீ, காபி, ஐஸ்கிரீம், பாட்டில் தண்ணீர் என்று 11 வகை வைத்தோம். மூன்று நாளில் 24,000 ரூபாய்க்கு விற்றது. கடை வாடகை 9,000, சரக்கு 9,500, வண்டி வாடகை 2,000, ஆள் கூலி 1,500 போக 2,000 ரூபாய்தான் மிஞ்சியது. மதியம் நல்ல கூட்டம். ஆனால் பாதிப் பேர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் நோட்டில் குறித்து வைத்த கணக்குப்படி ஒரு நாளைக்குச் சுமார் 120 செட் போயிருக்கிறது. ஒரு செட் 40 ரூபாய். விலையை 60 ஆக்கலாமா? மோமோ போன்ற புது வகைகளைச் சேர்க்கலாமா? கடன் வாங்கி உணவு வண்டி போடலாமா? அடுத்து ஆடித் திருவிழாவுக்கும் பொருட்காட்சிக்கும் கடை எடுக்க நினைக்கிறோம். வழி சொல்லுங்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். சேலம் வட்டாரத்தில் விழாக்களில் கடை போடும் குடும்பங்கள் பலவற்றுக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். மொத்த வசூல் எவ்வளவு என்பதை எல்லோரும் சொல்வார்கள். எந்தப் பண்டம் எத்தனை தட்டுப் போனது என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த 120 என்ற எண் கையில் இருப்பதால்தான் உங்களுக்கு உருப்படியாக ஒரு பதில் எழுத முடிகிறது.

120 செட், தலா 40 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 4,800 ரூபாய். உங்கள் ஒரு நாள் வசூல் 8,000. அப்படியானால் மற்ற 10 வகைகளும் சேர்ந்து கொடுத்தது 3,200 ரூபாய். அந்த 3,200 ரூபாய்க்காக என்னவெல்லாம் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். பஜ்ஜிக்கு ஓர் அடுப்பு, காளானுக்கு ஒரு கல், டீ காபிக்கு இன்னோர் அடுப்பு, ஐஸ்கிரீமுக்குப் பெட்டி, பாப்கார்னுக்கு இயந்திரம். பஜ்ஜி போடுகிறவர் எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. காளான் கிளறுகிறவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. மிச்சமிருந்த ஒரே ஆளான நீங்கள் செட்டும் போட்டு, காசும் வாங்கி, சில்லறையும் கொடுத்திருப்பீர்கள். நின்று பார்த்துவிட்டுப் போன பாதிப் பேரும் இந்த இடத்தில்தான் கைநழுவிப் போயிருக்கிறார்கள்.

ஏற்காட்டு விழாக் கூட்டத்துக்கு என்று ஒரு போக்கு உண்டு. காலையில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறார்கள். அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்த்து, ஏரியில் படகுக்கு வரிசை நின்று, 12 மணி வாக்கில் பசியோடு வெளியே வருகிறார்கள். மே மாத மலையில் மதியத்துக்குப் பிறகு மழை வந்தால் வியப்பில்லை. இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. நாள் முழுக்கக் கடை திறந்திருந்தாலும் நிஜமான வியாபாரம் நடப்பது 12 மணியிலிருந்து 3 மணி வரைதான். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். ஒரே ஆள் செட் அடுக்கி, காசு வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுக்க ஒரு தட்டுக்கு ஒன்றரை நிமிடம் பிடிக்கும். 180 நிமிடத்தில் 120 தட்டு. உங்கள் மகள் எழுதி வைத்திருக்கும் எண்ணும் அதுவேதான். முன்னே பின்னே சில தட்டுகள் மற்ற நேரத்தில் போயிருக்கலாம். ஆனாலும் வாங்க ஆளில்லாததால் விற்பனை 120-இல் நின்றுவிடவில்லை, கொடுக்கக் கை இல்லாததால் நின்றது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே என் ஆலோசனை ஒன்றே. விழாக் கடையில் வருமானத்தைக் கூட்ட வேண்டுமானால், நெரிசலான அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் நிமிடத்துக்கு எத்தனை தட்டு கொடுக்கிறீர்கள் என்பதைக் கூட்டுங்கள். விலை, வகை, வண்டி எல்லாம் அதற்குப் பிறகுதான். கீழே நான் எழுதுவது அனைத்தும் இதைச் சுற்றியே வரும்.

மூன்று பேர் நில்லுங்கள். முதல் ஆள் உங்கள் மகள்: காசு வாங்குவதும் எத்தனை தட்டு என்று உரக்கச் சொல்வதும் மட்டுமே அவர் வேலை. காசு தொட்ட கை பண்டத்தைத் தொடாது என்பதை வாங்குகிறவர்களும் கண்ணால் பார்ப்பார்கள். அதற்கே தனி மதிப்பு உண்டு. இரண்டாவது ஆள் நீங்கள்: தட்டுவடையை அடுக்கிச் சட்னி தடவுவது. மூன்றாவது ஆள் காய் வைத்து, மேல் தட்டுவடையால் மூடி, தட்டைக் கையில் கொடுப்பார். இப்படிப் பிரித்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தட்டு தாராளமாக வரும். வீட்டு முற்றத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 50 தட்டு போட்டுப் பழகிப் பாருங்கள். யார் கை யார் கையில் இடிக்கிறது, சட்னிக் கிண்ணம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

தட்டுவடை செட்டில் ஒரு சிக்கல் உண்டு. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே அடுக்கி வைக்க முடியாது. சட்னி பட்ட சில நிமிடத்தில் தட்டுவடை நமுத்துவிடும், கடித்தால் மொறுமொறுப்பு இருக்காது. ஆனால் அடுக்குவதற்கு முந்தைய வேலையை முடித்து வைக்கலாம். பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஐந்து ஐந்தாகக் கீழ்த் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி வையுங்கள். நான்கு வரிசை என்றால் நான்கு தட்டு. ஆள் வந்ததும் பச்சைச் சட்னி கீழே, காய் நடுவே, சிவப்புச் சட்னி தடவிய மேல் தட்டுவடை மேலே. ஸ்பூனால் மொண்டு தடவுவதைவிட வாய் அகன்ற பிதுக்கும் பாட்டில் வேகமாக இருக்கும். அதற்குச் சட்னி கெட்டியாக அரைபட்டிருக்க வேண்டும். நீர்த்த சட்னி பாட்டிலுக்கும் ஆகாது, தட்டுவடைக்கும் ஆகாது.

பீட்ரூட்டும் கேரட்டும் துருவியபின் உப்பைச் சேர்க்காதீர்கள். உப்புப் பட்டதும் தண்ணீர் விட்டுக்கொள்ளும். உப்பு, காரம், புளிப்பு எல்லாம் சட்னியிலேயே இருக்கட்டும். துருவியதைச் சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டி ஒருமுறை பிழிந்துவிட்டால் தட்டின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்காது. முழுவதையும் காலையிலேயே துருவிவிடவும் வேண்டாம். துருவாத பீட்ரூட் அடுத்த வாரம் வீட்டுக் கடைக்கு ஆகும், துருவியது அன்றிரவே குப்பைக்குப் போகும். மலையில் இன்னொன்று: மூட்டம் இறங்கினால் திறந்து வைத்த தட்டுவடை கால் மணி நேரத்தில் பதம் போய்விடும். ஒரே பெரிய மூட்டையாகக் கொண்டுபோகாமல் இறுக மூடும் சிறு டின்களில் பிரித்து, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைத் திறங்கள். ஏறும்போது வளைவுகளில் குலுங்கிச் சில உடையத்தான் செய்யும். அவற்றைத் தனி டின்னில் சேர்த்துவிடுங்கள். நொறுக்கலுக்கு அவைதான் சரக்கு.

இந்த நொறுக்கலை நீங்கள் இன்னும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். செட்டை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். நொறுக்கலை ஒரு பாத்திரத்தில் ஐந்து பேருக்கு ஒன்றாகக் கிளறிவிடலாம். கூட்டம் நெருக்கும்போது வரிசையைக் கரைப்பது அதுதான். நடந்துகொண்டே சாப்பிடலாம் என்பதால் கடை முன்னால் ஆள் தேங்கவும் மாட்டார்கள். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் பலருக்கு நொறுக்கல் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு சிறு கிண்ணத்தில் கலந்து, கடை முன்னால் பார்வைக்கு வையுங்கள். கேட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கொடுங்கள்.

ஆக, வகைகளை நான்காகக் குறையுங்கள்: செட், நொறுக்கல், காபி, தண்ணீர். பஜ்ஜியை விட்டுவிடுங்கள். ஏற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டிச் சூடாகப் பஜ்ஜி போடும் கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆண்டு முழுவதும் அங்கேயே இருப்பவர்களோடு மூன்று நாள் கடை போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. மோமோவும் அப்படித்தான். வேறு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அது அவர்கள் தெருவிலேயே கிடைக்கிறது. அதோடு மோமோவுக்குத் தொட்டுக்கொள்ள மயோனைஸ் கேட்பார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது நினைவிருக்கும். கெட்டுப்போக எளிதான பொருளை மலை மேல், வெயிலில், குளிர்பெட்டி இல்லாமல் வைத்துக்கொண்டு கவலைப்படுவானேன்? சேலத்துக்கென்று பெயர் வாங்கிய பண்டம் உங்கள் கையில் இருக்கிறது. அதை நான்கு வகைகளில் ஒன்றாக, பெரிய எழுத்தில், பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி எழுதித் தொங்கவிடுங்கள். பலகையில் 11 வரி இருந்தால் ஒவ்வொருவரும் நின்று படித்து, குடும்பத்தோடு கலந்து பேசி, பிறகு விலை கேட்பார்கள். வரிசை அங்கேயே இறுகும்.

விலைக்கு வருகிறேன். 40-ஐ 60 ஆக்க வேண்டாம். விழாவுக்கு வருகிறவர்களில் பலர் சேலத்துக்காரர்கள். ஊருக்குள் செட் என்ன விலை என்பது அவர்களுக்கு மனப்பாடம். மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்த செலவுக்காக அவர்கள் 5, 10 ரூபாய் பொறுப்பார்கள். ஒன்றரை மடங்கு கேட்டால் முகம் சுளிப்பார்கள், அந்தப் பேச்சு அம்மாப்பேட்டை வரை வரும். தட்டின் விலையை ஏற்றாமல் ஒரு குடும்பம் கொடுக்கும் தொகையைக் கூட்ட வழி இருக்கிறது. செட் 40, காபி 20, இரண்டும் சேர்த்து 60 என்று பலகையின் முதல் வரியாக எழுதுங்கள். தள்ளுபடி தேவையில்லை. முடிவெடுக்கும் வேலையைக் குறைத்துக் கொடுப்பதே அவர்களுக்கு உதவிதான். நான்கு செட், நொறுக்கல் ஒரு பெரிய கிண்ணம் சேர்த்துக் குடும்பத் தட்டு என்று 200 ரூபாய்க்கு வையுங்கள். செட் கேட்கிறவர்களிடம் உங்கள் மகள், “காபியும் சேர்த்துத் தரட்டுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். மலைக் குளிரில் பாதிப் பேராவது சரி என்பார்கள். எல்லா விலையும் 10-இன் மடங்கில் இருக்கட்டும். 35, 45 என்று வைத்தால் சில்லறை தேடியே நேரம் போகும்.

காபியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல ஆசை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி வந்து 200 ஆண்டு ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார். அந்த மலைக்கே வந்து நிற்கிறவர்களுக்கு எங்கேயோ தயாரான பொடிக் காபியைக் கலக்கிக் கொடுக்கிறோம். ஏற்காட்டுத் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைக்கும் கடைகளில் பொடி வாங்கி, டிகாஷன் இறக்கி, ‘ஏற்காட்டுக் காபி’ என்று எழுதி வையுங்கள். உண்மையாகவே அந்தப் பொடியாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். டிகாஷனைக் கீழே வீட்டிலேயே இறக்கி ஃபிளாஸ்கில் கொண்டுபோனால் மேலே பால் காய்ச்சும் வேலை மட்டும்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபிக்கு அதனால் குறையில்லை. சுண்டல், உருளைக்கிழங்கு போன்றவை திறந்த பாத்திரத்தில் வேக நேரம் பிடிக்கும். நீங்கள் சுண்டலுக்கு அடுப்பை அவ்வளவு நேரம் கட்டிப்போட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு மதிப்பீடு. மூன்று பேர் நின்றால் மூன்று மணி நேரத்தில் 360 தட்டு வரை முடியும். கூட்டம் சீராக வராது, மழை வரும், ஆகவே 250 என்றே வைத்துக்கொள்வோம். அதில் செட், நொறுக்கல் இரண்டும் அடக்கம், விலையும் 40 என்றே கொள்வோம். 10,000 ரூபாய். பாதிப் பேர் காபி வாங்கினால் 2,500. ஒரு நாளைக்கு 12,500, மூன்று நாளைக்கு 37,500. உங்கள் பழைய கணக்கில் சரக்குச் செலவு வசூலில் 100-க்கு 40 அளவில் இருக்கிறது. அதே வீதத்தில் போட்டால் 15,000. வாடகை 9,000, வண்டி 2,000, கூலியை 4,500 ஆக்கினால் மொத்தம் 30,500. மிச்சம் 7,000. இது என் உத்தரவாதம் இல்லை, உங்கள் எண்களையே வைத்துப் போட்ட கணக்கு. ஒரு நாள் முழுக்க மழை கொட்டினால் இதில் பெரும்பகுதி போய்விடும்.

கூலியை நான் வேண்டுமென்றே கூட்டிப் போட்டிருக்கிறேன். உங்கள் கணக்கில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அந்த மூன்று நாளும் தறி ஓட்டியிருக்க மாட்டார். அந்தக் கூலியும், நீங்கள் விடியற்காலையிலிருந்து நின்ற உழைப்பும் எங்கே? 2,000 ரூபாய் லாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். தறிக்கூலியைக் கழித்தால் அது நஷ்டமாகக்கூட இருக்கலாம். சொந்த வீட்டு ஆட்களின் உழைப்புக்கு விலை போடாமல் நடத்தும் தொழில் பல குடும்பங்களை மெதுவாகக் கரைத்திருக்கிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை. இனி ஒவ்வொரு விழாவுக்கும் மூன்று பேருக்கும் நாள்கூலி எழுதிவிட்டு, அதற்கு மேல் மிஞ்சுவதை மட்டும் லாபம் என்று சொல்லுங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழை பிடித்தால் செட் நிற்கும், காபி ஓடும். அந்த நேரத்துக்கென்று இன்னொரு சரக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குக் கொண்டுபோகும் தட்டுவடைப் பாக்கெட். ஊர் திரும்புகிறவர்கள் கையில் ஏதாவது வாங்கிப் போக நினைப்பார்கள். இதற்குக் கை வேகம் தேவையில்லை, எடுத்துக் கொடுத்தால் போதும். விற்காவிட்டாலும் சீக்கிரம் கெடாது. ஆனால் பாக்கெட் என்றால் பொருளின் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். முறையான லேபிளோடு பாக்கெட் போடும் தயாரிப்பாளரிடமே வாங்கிவிடுங்கள். பிரிக்காத பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்று முன்பே பேசிவிடுங்கள். செவ்வாய்ப்பேட்டையில் மொத்தமாகச் சரக்கு எடுக்கிற உங்களுக்குப் பேரம் பேச நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைக்கு இடம் பிடிப்பதில் பலரும் நுழைவாயிலைத்தான் கேட்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் பூவையும் படகையும் பார்க்கும் ஆவலில் நடந்துகொண்டே இருப்பார்கள், உங்கள் பலகையைப் பார்க்க மாட்டார்கள். வெளியேறும் வழி, உட்கார இடமுள்ள பகுதி, பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம் ஆகியவற்றை ஒட்டிக் கேளுங்கள். கடைகளை ஏலம் எடுத்தவரிடம் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மொத்தம் எத்தனை உணவுக் கடை, அவற்றில் தட்டுவடை செட் எத்தனை, தண்ணீரும் மின்சாரமும் வாடகையில் சேர்த்தியா, சரக்கு வண்டி எத்தனை மணி வரை உள்ளே வரலாம். கடைசிக் கேள்வி மலையில் மிக முக்கியம். கூட்டம் மிகுந்த விழா நாட்களில் ஏறுவதற்கு அடிவாரம் வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று ஒருவழிப் பாதையாக்குவது உண்டு. மதியம் தட்டுவடை தீர்ந்துவிட்டது என்று சேலத்துக்கு ஓடி எடுத்துவர முடியாது.

உங்கள் வாடகை 24,000-இல் 9,000, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எதிர்பார்க்கும் வசூலில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டி வாடகை கேட்டால் நான் தயங்கச் சொல்வேன். முன் சொன்ன மதிப்பீட்டின்படி 37,500 வந்தால் 9,000 கொடுக்கலாம். அந்த வேகம் கைவராத வரை கொடுக்க வேண்டாம்.

ஆடிக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள் மீது அதிக நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால் மலை ஏற்றும் செலவு கிடையாது. சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையும் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையையும் ஒரே மாதிரி எண்ணிவிடாதீர்கள். கோயிலைச் சுற்றிக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். வண்டி வேடிக்கையில் சாமி வேடமிட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வருவதைப் பார்க்க இடம் பிடித்தவர்கள் மணிக்கணக்கில் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். பிடித்த இடம் போய்விடுமே! அவர்கள் உங்கள் கடைக்கு வருவார்கள் என்று காத்திருப்பது வீண். ஒருவர் கடையில் நொறுக்கல் கலந்து தொன்னையில் போட, இருவர் தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போகட்டும். சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆள் இருந்தால் நல்லது, வண்டிகள் நகரத் தொடங்கியபின் குறுக்கே கடக்க முடியாது. முதல் வண்டி வருவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் உங்கள் நேரம். வண்டிகள் வந்தபின் எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கும். விரதம் இருப்பவர்கள் பலர் வரும் நாட்கள் என்பதால் முட்டை செட் வேண்டாம். முட்டை தொட்ட கரண்டி எது என்று அவர்கள் யோசிக்கும்படி வைக்கக் கூடாது.

பொருட்காட்சி பல வாரம் நடப்பது. வாடகையும் அந்தக் கணக்கில் மொத்தமாக இருக்கும். வார நாட்களில் ஆளில்லாமல் கிடந்து, சனி ஞாயிறு மட்டும் நிரம்பும். தறி வேலையை விட்டுவிட்டு அத்தனை நாள் அங்கே நிற்பது உங்கள் குடும்பத்துக்குச் சரிப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த ஆண்டு அதைத் தள்ளிவையுங்கள்.

பணம் வாங்கும் இடத்திலும் நேரம் மிச்சமாகும். கியூஆர் கோட்டை கடை முகப்பில் ஒன்று மட்டும் ஒட்டினால் எல்லோரும் அங்கேதான் வந்து குனிய வேண்டும். வரிசை நிற்கும் கம்பத்தில் ஒன்று, பலகையின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று தொங்கவிடுங்கள். முறை வருவதற்குள் பணம் அனுப்பிவிடுவார்கள். தொகை வந்ததை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டி உங்கள் மகளின் கண்ணுக்கு ஓய்வு தரும். கூட்டம் மிகுந்தால் மலையில் சிக்னல் திணறும். அதனால் 10 ரூபாய், 20 ரூபாய் தாள்களைக் கட்டாகக் கையில் வைத்திருங்கள்.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இவற்றில் ஒன்றையும் விடாதீர்கள். ஒரு சோதனையில் மாட்டினால் விழாவே கையை விட்டுப் போய்விடும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த சான்றைக் கடையில் தெரியும்படி மாட்டுங்கள். வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை எடுத்துப்போகாதீர்கள். கடைக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் அதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாக்கு மட்டைத் தட்டு, தொன்னை, காபிக்கு எவர்சில்வர் டம்ளர் அல்லது மண் குவளை என்று போங்கள். டம்ளர் கழுவ ஓர் ஆள் வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். அச்சடித்த செய்தித்தாளில் பண்டத்தை வைத்துக் கொடுக்காதீர்கள், மை உணவில் இறங்கும். சிவப்புச் சட்னிக்கு மிளகாயின் நிறமே போதும். 2024-இல் பஞ்சுமிட்டாயில் ரோடமைன் பி என்ற நச்சுச் சாயம் கலந்திருப்பது தெரிந்து தமிழகம் அதைத் தடை செய்த பிறகு, அளவுக்கு மீறிச் சிவந்த எதைப் பார்த்தாலும் பெற்றோர் தயங்குகிறார்கள். உங்கள் பீட்ரூட் சிவப்பு இயற்கையானது என்று அவர்களுக்குத் தெரிய, துருவாத பீட்ரூட்டும் கேரட்டும் ஒரு கூடையில் முன்னால் இருக்கட்டும்.

கடைசியாகக் கடன். உணவு வண்டி இப்போது வேண்டவே வேண்டாம். மூன்று பேர் கையால் நிமிடத்துக்கு இரண்டு தட்டு கொடுக்கப் பழகாதவரை, எவ்வளவு பெரிய வண்டியிலிருந்தும் அதே 120 தட்டுதான் வெளியே வரும். தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். வட்டிக்குக் கொடுப்பவர்கள் விழாக் காலத்தில் தேடி வந்து கடன் தருவார்கள், வாங்காதீர்கள். மாநகராட்சியில் தெருவோர வியாபாரியாகப் பதிவு செய்துகொண்டால் பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் வங்கிக் கடன் கேட்கலாம். 2020-இல் முதல் தவணை 10,000 ரூபாய் என்று தொடங்கிய திட்டம் அது. 2025-இல் முதல் தவணையை 15,000 ஆக்கினார்கள். ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்த தவணை கூடுதலாகக் கிடைக்கும். உங்களுக்கு இப்போது தேவையானவை எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும்: மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆறடி எவர்சில்வர் மேசை ஒன்று, இறுக மூடும் டின்கள், இரண்டு பெரிய தாம்பாளம், நல்ல வெளிச்சமுள்ள விளக்கு, ஒரு பெயர்ப்பலகை. மேசையை மடக்கக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள், ஆட்டோவில் ஏற்ற முடியும். பதிவுச் சான்று இல்லையென்றால் ஆடி பிறப்பதற்கு முன்பே மாநகராட்சி அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வந்துவிடுங்கள். திருவிழா நெருங்கினால் உங்களுக்கும் நேரமிருக்காது, அங்கேயும் வரிசை நீளும்.